ஸ்பீக்கிங் தேர்வில் ஸ்நாக்ஸ் பற்றிக் கேட்டால் இரண்டு வரிக்கு மேல் வரமாட்டேன் என்கிறது

வார்டுவிளக்கு கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதுகிறேன். நர்ஸாக இருக்கிறேன், பெரும்பாலும் நைட் டூட்டி. லிசனிங், ரீடிங் பற்றிக் கவலை இல்லை. ஸ்பீக்கிங்கில் வேலையைப் பற்றிக் கேட்டால் மூச்சு விடாமல் பேசுவேன். மாட்டிக்கொள்வதெல்லாம் முதல் பகுதியில் வரும் சின்னச் சின்ன தலைப்புகளில்தான். அதிலும் இந்த ஸ்நாக்ஸ் தலைப்பு.

மாதிரித் தேர்வில் என்ன ஸ்நாக்ஸ் பிடிக்கும், எப்போது சாப்பிடுவீர்கள், சின்ன வயதில் அதிகம் சாப்பிட்டீர்களா, உடம்புக்கு நல்லது என்று நினைக்கிறீர்களா என்று வரிசையாகக் கேட்டார்கள். "பிஸ்கட் பிடிக்கும், சுவையாக இருக்கும்" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. கேட்டவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

உண்மையில் நான் ஸ்நாக்ஸ் சாப்பிடுவதே டூட்டியில்தான். ராத்திரி மூன்று மணி வாக்கில் வார்டு அடங்கும். மருந்து டிராலியை ஓரமாக நிறுத்திவிட்டு, நின்றபடியே ஒரு கை வறுத்த வேர்க்கடலையோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிடுவேன். பாதியில் பெல் அடித்தால் மூடி வைத்துவிட்டு ஓட வேண்டியதுதான். வீட்டில் இருக்கும் நாளில் இடையில் எதுவும் தொடமாட்டேன். இதைப் போய் தேர்வில் எப்படிச் சொல்வது? நர்ஸ் என்று தெரிந்த பிறகு பழம், பாதாம் என்று சொன்னால்தானே மரியாதை என்கிறாள் உடன் வேலை செய்யும் தோழி. அவளே ஒரு மாதிரி பதிலும் எழுதித் தந்தாள். அதில் பெக்கிஷ் (லேசான பசி), கில்ட்டி பிளெஷர் (தப்பென்று தெரிந்தும் ரசிப்பது), ஸ்வீட் டூத் (இனிப்பு ஆசை) எல்லாம் ஒரே பத்தியில் இருக்கிறது. மனப்பாடம் செய்துவிட்டேன், ஆனால் சொல்லும்போது என் குரல் மாதிரியே இல்லை.

இல்லாததைச் சொன்னால் மதிப்பெண் குறையுமா? ஒரு பதில் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? எனக்கு ஸ்பீக்கிங்கில் 9-க்கு 7 தேவை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மாலைவகுப்பு பதில்:

தங்கச்சி, நான் சாயங்காலத்தில் ஸ்பீக்கிங் வகுப்பு எடுக்கிறவள். இந்தத் தலைப்பில் திணறுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். முதலில் அந்த மாதிரி பதிலை எடுத்து ஓரமாக வை. அதிலிருக்கும் சொற்கள் நல்ல சொற்கள்தான். ஆனால் மனப்பாடம் செய்த பத்தி வாயிலிருந்து வரும்போது வேகமும் ஏற்ற இறக்கமும் மாறிவிடும். அடுத்த கேள்விக்குச் சொந்தமாகப் பேசத் தொடங்கியதும் அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தேர்வாளர்கள் இதைக் கண்டுபிடிக்கப் பழகியவர்கள்.

மூன்று பகுதியும் சேர்த்து 11 முதல் 14 நிமிடம். முதல் பகுதி மட்டும் 4 முதல் 5 நிமிடம். அதற்குள் வேலை அல்லது வீடு பற்றிக் கேட்டுவிட்டு, வேறு ஓரிரு தலைப்புக்கும் போயாக வேண்டும். ஆகவே ஸ்நாக்ஸுக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். ஒரு கேள்விக்கு மூன்று நான்கு வாக்கியம் என்று என் வகுப்பில் சொல்வேன். அதற்கு மேல் போனால் நடுவிலேயே நிறுத்திவிட்டு அடுத்ததைக் கேட்பார்கள். அது நேரக் கணக்கு, பதில் தப்பு என்று அர்த்தமில்லை. நிறுத்திவிட்டார்களே என்று மனம் உடைந்து மீதித் தேர்வைக் கோட்டை விட்டவர்கள் இருக்கிறார்கள். நீ அப்படி ஆகக்கூடாது.

மதிப்பெண் நான்கு விஷயத்துக்கு: தடையில்லாமல் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம பங்கு. உன் சாப்பாட்டுப் பழக்கத்துக்கு இதில் இடமே இல்லை. பாதாம் சாப்பிடுகிறவருக்குக் கூடுதலாகவும் சிப்ஸ் சாப்பிடுகிறவருக்குக் குறைவாகவும் யாரும் போடப் போவதில்லை. மரியாதை பற்றித் தோழி சொன்னதை மறந்துவிடு.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தேர்வில் "சுவையாக இருக்கும்" என்று நின்றுவிட்டவள், இங்கே மூன்று மணி, டிராலி, ஒரு கை கடலை, பெல் அடித்தால் மூடி வைப்பது என்று இவ்வளவு எழுதியிருக்கிறாய். எப்போது, எங்கே, எவ்வளவு, எதனால் என்ற நான்கும் அதில் இருக்கிறது. "டேஸ்ட்டி", "ஹெல்த்தி" என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு யாராலும் மூன்று வாக்கியம் ஓட்ட முடியாது. அந்த டிராலியை வைத்துக்கொண்டு ஓட்டலாம். ஆங்கிலத்தில் சொல்லிப் பார்: "ஆன் நைட் ஷிஃப்ட்ஸ் ஐ யூஷுவலி ஹேவ் எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பீனட்ஸ் அட் அரவுண்ட் த்ரீ, பிகாஸ் தட்ஸ் வென் த வார்டு கோஸ் குவயட்." இதில் கடினமான சொல் ஒன்றும் இல்லை. ஆனால் காரணத்தோடு கோத்த ஒரு முழு வாக்கியம் வந்துவிட்டது. அடுத்ததாக, பெல் அடித்தால் என்ன செய்வாய் என்பதை "இஃப்" போட்டு ஒரு வாக்கியம். வீட்டில் இருக்கும் நாளில் தொடமாட்டேன் என்பதை "வேராஸ்" அல்லது "பட்" போட்டு இன்னொன்று. பதில் முடிந்தது.

கேள்விகளை ஒருமுறை காலத்தை வைத்துப் பார். "எப்போது சாப்பிடுவீர்கள்" என்பது வழக்கத்தைக் கேட்கிறது, அதற்கு சிம்பிள் பிரசன்ட். நம் ஆட்கள் இங்கேதான் "ஐ ஆம் ஈட்டிங் டெய்லி" என்று சொல்லிவிடுகிறார்கள். "சின்ன வயதில்" என்றால் "யூஸ்ட் டு" அல்லது சிம்பிள் பாஸ்ட் வர வேண்டும். முன்னைக்கு இப்போது மாறியிருக்கிறதா என்றால் "ஐ ஹாவ் கட் டவுன் ஆன்" மாதிரி பிரசன்ட் பர்ஃபெக்ட். சின்ன வயதுக் கேள்விக்கு நிகழ்காலத்தில் பதில் சொன்னால், விஷயம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இலக்கணத்தில் அடி விழும். என் வகுப்பில் பதிலைத் தயார் செய்ய விடவே மாட்டேன். கேள்வியைக் கேட்டதும் எந்தக் காலம் என்று மட்டும் முதலில் சொல்லச் சொல்வேன்.

கடைசிக் கேள்வி, உடம்புக்கு நல்லதா என்பது. மற்றவர்கள் எல்லாரும் "அளவாகச் சாப்பிட்டால் நல்லது" என்று ஒரே பாட்டைப் பாடுவார்கள். நீ நர்ஸ். இன்சுலின் போடும் சிலருக்கு ராத்திரியில் சர்க்கரை இறங்கிவிடாமல் இருக்க, படுக்கும் முன் ஏதாவது கொஞ்சம் சாப்பிடச் சொல்வது உண்டு அல்லவா? அவருக்கு ஸ்நாக்ஸ் பாதுகாப்பு. நாள் முழுக்க உட்கார்ந்த இடத்தில் சிப்ஸ் கொறிக்கிறவருக்கு அதுவே கெடுதல். ஆளைப் பொறுத்தது என்று சொல்லி, பார்த்ததிலிருந்து இந்த ஒன்றை எடுத்துச் சொல். கருத்தும் வரும், உதாரணமும் வரும், உனக்குப் பழக்கமான சொற்களும் தானாக வந்து விழும்.

சொல்வேட்டை பதில்:

அக்கா சொன்னதில் பெரும்பகுதி சரி. ஒன்றில் மட்டும் வேறு மாதிரி நினைக்கிறேன். வார்டுவிளக்கு கேட்ட கேள்விக்கு நேர் பதில்: இல்லாததைச் சொன்னாலும் மதிப்பெண் குறையாது. தேர்வாளர் மொழியைத்தான் அளக்கிறார், உண்மையை விசாரிப்பது அவர் வேலை இல்லை.

மதிப்பெண் விளக்க அட்டவணையைப் பொதுவில் வெளியிட்டிருக்கிறார்கள், ஒருமுறை படித்துவிடுங்கள். சொல்லுக்காகவும் இலக்கணத்துக்காகவும் தயங்குவதையும், அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசித்துத் தயங்குவதையும் அதில் பிரித்தே பார்க்கிறார்கள். 9 வாங்குகிறவரும் தயங்கலாம், ஆனால் விஷயத்தை யோசிப்பதற்காக மட்டும். ஆகவே கற்பனையாகச் சொல்லும்போது ஒரு நொடி யோசித்தால் குடி முழுகிப் போகாது. எனக்குச் சாக்லேட் பிடிக்காது. ஆனால் சாக்லேட் பற்றிப் பேச எனக்குச் சொற்கள் இருக்கின்றன. அதனால் பயிற்சியில் சாக்லேட் பற்றியே பேசுவேன், தயங்காமல் வருகிறது. தெரிந்த சொல் இருக்கும் பக்கம் போவது தப்பில்லை என்பது என் கருத்து.

இன்னொன்று. ஸ்நாக்ஸ் பழக்கமே இல்லாதவர்கள் "நோ, ஐ டோன்ட்" என்று நிறுத்திவிடுகிறார்கள். இல்லை என்பதற்கும் காரணம் இருக்குமே. மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுகிறேன், இடையில் பசிப்பதில்லை, மாலையில் ஒரு காபி போதும். இதுவே மூன்று வாக்கியம்.

பெக்கிஷ் போன்ற சொல்லை அடியோடு விட வேண்டாம். லேசாகப் பசிக்கிறது என்பதற்கு பிரிட்டிஷ் பேச்சு வழக்கில் இயல்பாக வரும் சொல் அது. மூன்று மணிக் கதையில் அதை ஒரே ஒரு இடத்தில் வைத்தால் அழகாக உட்காரும். ஒரே மூச்சில் மூன்றையும் அடுக்கும்போதுதான் உறுத்துகிறது.

மாலைவகுப்பு பதில்:

தம்பி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், உங்களைப் போல் சரளமாகப் பேசுகிறவர்களுக்கு. ஆனால் 6-க்கும் 7-க்கும் நடுவில் நிற்கிறவர்கள் கற்பனை செய்யும்போது விஷயத்தையும் யோசித்து, சொல்லையும் தேட வேண்டியிருக்கிறது. பிறகு தேர்வாளர் "ஒய்?" என்று ஒற்றைச் சொல்லில் கேட்பார். உண்மையைச் சொன்னவருக்கு அதற்குப் பதில் கையிலேயே இருக்கும். கற்பனை செய்தவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இவருக்கு நான் உண்மையைத்தான் பரிந்துரைப்பேன்.

ஒலிச்சிமிழ் பதில்:

உச்சரிப்பு பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. அதற்கும் கால் பங்கு இருக்கிறது. நம் உச்சரிப்புச் சாயல் இருக்கிறது என்பதற்காகக் குறைக்க மாட்டார்கள், கேட்பவருக்குச் சிரமமில்லாமல் புரிய வேண்டும். ஆனால் இந்தத் தலைப்பில் சில சொற்கள் வேண்டுமென்றே கண்ணி வைத்த மாதிரி வரும்.

முதலில் "ஸ்நாக்ஸ்" என்ற சொல்லே. முன்னால் ஒரு "இ" சேர்த்து "இஸ்நாக்ஸ்" என்கிறோம். உயிரெழுத்து நீண்டு "ஸ்நேக்" என்று ஆகிவிட்டால் பாம்பு சாப்பிட்ட கதையாகிவிடும். பன்மையின் கடைசி ஒலியை விழுங்கவும் கூடாது. நட்ஸ், பிஸ்கட்ஸ், சிப்ஸ் எல்லாவற்றிலும் அந்த "ஸ்" காதில் விழ வேண்டும், விழாவிட்டால் இலக்கணப் பிழை போலவே கேட்கும். சாக்லேட்டை நாம் இழுத்து "சாக்கோலேட்" என்கிறோம், அது "சாக்லட்" என்று இரண்டே அசை. வெஜிடபிள் "வெஜ்டபிள்" என்று மூன்று அசை. போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். பேசும்போது தெரியாதது கேட்கும்போது தெரியும்.

வார்டுவிளக்கு பதில்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று டூட்டி முடிந்து வந்ததும் பதிவு செய்து பார்த்தேன். எழுதி வைக்காமல், கேள்வியை மட்டும் படித்துவிட்டுப் பேசினேன். மூன்று மணிக் கதையைச் சொன்னேன், பெக்கிஷ் ஒரே இடத்தில் வைத்தேன். சின்ன வயதுக் கேள்விக்கு, பள்ளி விட்டு வந்ததும் அக்காவும் நானும் பிஸ்கட் டப்பாவை ஒளித்து வைத்து விளையாடியதைச் சொன்னேன். "யூஸ்ட் டு" தானாக வந்தது, யோசிக்கவே இல்லை. இன்சுலின் விஷயத்தைச் சொல்லத் தொடங்கியபோது குரல் வேலையில் பேசுகிற குரலாகவே மாறிவிட்டது. நட்ஸின் கடைசி "ஸ்" மட்டும் இன்னும் தொலைந்துபோகிறது, அதைத் தனியாகப் பயிற்சி செய்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். கேள்வி காதில் சரியாக விழாவிட்டாலோ, ஏதாவது ஒரு சொல் புரியாவிட்டாலோ கேட்கலாமா? கேட்டால் குறைப்பார்களா?

மாலைவகுப்பு பதில்:

தாராளமாகக் கேள். "சாரி, குட் யூ ரிப்பீட் தட், பிளீஸ்?" என்றால் திரும்பப் படிப்பார்கள். அதற்காக மதிப்பெண் குறையாது. முதல் பகுதியில் அவர்கள் கையில் இருக்கும் கேள்வியை அப்படியே படிக்க வேண்டும், ஆகவே நீட்டி விளக்கம் எதிர்பார்க்காதே. மூன்றாம் பகுதியில் வேறு சொற்களில் மாற்றிக் கேட்கச் சொல்லலாம். புரியாமலேயே வேறு எதற்கோ பதில் சொல்லிக்கொண்டு போவதைவிட இது எவ்வளவோ மேல். உணவைப் பற்றிய தலைப்பு மூன்றாம் பகுதியில் வந்தால் உன் பழக்கத்தைக் கேட்க மாட்டார்கள். குழந்தைகள், விளம்பரம், பள்ளி உணவகம் என்று பொதுவாகக் கேட்பார்கள். அதற்கு "ஐ" என்று தொடங்காமல் "பேரன்ட்ஸ்", "பீப்பிள்" என்று தொடங்கிப் பழகு. இன்றைக்கு அதில் இரண்டு கேள்வி எடுத்துப் பதிவு செய்து பார், எங்கே தடுக்கிறது என்று இங்கே எழுது.