புதுப்பிப்பு: பழைய டொயோட்டா ஹைலக்ஸைக் குறைந்த செலவில் உயர்த்தியாச்சு

முழு லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் பாகங்களின் தொகுப்பு) வாங்காமல் பிக்கப்பை உயர்த்த வழி உண்டா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன்; பின்பக்கத்துக்கு நீள ஷாக்கிள் (லீஃப் ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் பட்டை) போடச் சொன்னீர்கள். வண்டி 2001 ஹைலக்ஸ், ஃபோர் வீல் டிரைவ்; முன்னால் டார்ஷன் பார் (முறுக்கத்தால் ஸ்பிரிங் போல வேலை செய்யும் கம்பி), பின்னால் லீஃப் ஸ்பிரிங் (அடுக்கிய பட்டை ஸ்பிரிங்). வேலை முடிந்தது.

முன்பக்கத்துக்குப் பொருள் செலவே இல்லை. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கிவிட்டு, டார்ஷன் பாரின் பின்முனையில் உள்ள அட்ஜஸ்டிங் நட்டை முறுக்கினோம். வண்டி ஓர் அங்குலம் உயர்ந்ததும் நிறுத்திவிட்டோம். அதிகம் முறுக்கினால் சிவி ஜாயிண்ட் (முன் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) சாய்வு கூடி, அதன் பூட் (ரப்பர் உறை) சீக்கிரம் கிழியும். பள்ளத்தில் சக்கரம் இறங்க இடமில்லாமல் மேல் ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கும் மேல் கை) ஸ்டாப்பரில் இடிக்கும்.

பின்பக்கத்துக்கு நீங்கள் சொன்ன ஷாக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஏறுவது ஓர் அங்குலம்தான். அதனால் கூடுதலாக ஒரு லீஃப் சேர்த்தேன். காலியாகப் போனால் கொஞ்சம் விறைப்பு, சுமை ஏறினால் சுகம்.

முக்கியமான விஷயம்: சில பிக்கப்களில் பின் ஆக்ஸிலோடு ஒரு கம்பியால் இணைந்த பிரேக் வால்வு இருக்கும். பின்பக்கம் உயர்ந்தால் அது வண்டியில் சுமை இல்லை என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். உயர்த்திய அளவுக்கு அதையும் சரிசெய்தே ஆக வேண்டும், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அப்புறம் வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் மட்டம்.

பின் டிஃப்ரென்ஷியலுக்கு (பின் ஆக்ஸிலின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி) அடியில் உயரம் மாறவில்லை. அதற்குப் பெரிய டயர்தான் வழி. மட்கார்டில் உரசாத டயர் அளவு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.