திங்கட்கிழமை, 19 செட்

நீடாமங்கலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கொரோனா காலத்தில் ஆசிரியர்கள் பட்ட பாட்டைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்று இருக்கிறது. அதை ரொம்ப நாளாக மனதிலேயே வைத்திருந்தேன்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். ஒன்றிலிருந்து ஒன்பது வரை எல்லோரும் பாஸ். அதே வருடம் ஆகஸ்டில் ஒரு டீச்சர் ஸ்கூட்டியில் வந்து கையால் எழுதிய நான்கு பக்கங்களை நீட்டினார். பக்கத்து ஊர் தொடக்கப் பள்ளியில் நான்கு, ஐந்து வகுப்புகள் இரண்டையும் அவர்தான் பார்க்கிறார். "முன்னும் பின்னுமா போடுங்கண்ணே, 19 செட்." பக்கத்துக்கு ஒரு ரூபாய், மொத்தம் 76 ரூபாய். பள்ளிக்கூடத்து பேரில் பில் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்தார். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவர் வகுப்பில் பாதி வீடுகளில் ஒரே ஒரு போன், அதுவும் அப்பாவோடு வயலுக்குப் போய்விடும். அதனால் தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். போன வாரத் தாளைத் திருத்திக் கொடுப்பார், புதுத் தாளைக் கொடுப்பார், கோவில் திண்ணையில் நான்கைந்து பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பார். டிசம்பரில் புரெவி புயல் மழையில் ரோடெல்லாம் தண்ணீர். அந்தத் திங்கட்கிழமையும் வந்தார். தாள்களை உரச்சாக்குக்குள் வைத்து, அதற்கு மேலே ஒரு பிளாஸ்டிக் பையும் சுற்றிக் கட்டச் சொன்னார்.

மெஷின் ஓடும் நேரத்தில் நான் அந்தக் கணக்குகளைப் படிப்பேன். எதுவும் புத்தகத்தில் இருக்கிற மாதிரி இருக்காது. எங்கள் ஊர்ப் பக்கம் ஆறு பிரிகிற மூணாறு தலைப்பில் வெண்ணாறு எந்தெந்த ஆறாகப் பிரிகிறது என்று கேட்டிருப்பார். மூன்று மா ஒரு ஏக்கர் என்றால் ஏழு ஏக்கருக்கு எத்தனை மா என்று கேட்டிருப்பார். சம்பா அறுப்பு நேரத்தில் வந்த கணக்கு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது: ஒரு மூட்டை நெல் 40 கிலோ, கொள்முதல் நிலையத்துக்கு 18 மூட்டை கொண்டு போனால் மொத்தம் எத்தனை கிலோ?

அடுத்த வாரம் ஒரு பெண் குழந்தையின் தாளை எடுத்து வந்து என்னிடம் காட்டினார். 720 என்று விடை சரியாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே கோணல் எழுத்தில் இன்னொரு வரி: "ஈரம் 17 சதவீதத்துக்கு மேலே இருந்தா எடுக்க மாட்டாங்கன்னு தாத்தா சொன்னார்." 2021 ஜனவரியில் காலம் தப்பிப் பெய்த மழையில் கதிரெல்லாம் சாய்ந்து கிடந்தது. அந்தத் தாத்தாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியுமாம். பேத்தி கணக்கை வாசித்துக் காட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறார். டீச்சர் அந்த வரிக்கும் தனியாக ஒரு மதிப்பெண் போட்டிருந்தார். இதைச் சொல்லும்போது மாஸ்குக்கு மேலே அவர் கண் அப்படிச் சிரித்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதே நாட்களில் எதிர்த்த டீக்கடையில் ஒருவர், "வாத்தியார்களுக்கு என்ன, வீட்டில் உட்கார்ந்தே சம்பளம்" என்றார். என் கல்லாவில் அந்த 76 ரூபாய் கிடந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் தினமும் கடைக்கு வருகிற ஆள், எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். அது தப்பு. இன்று வரை உறுத்துகிறது.

அப்புறம் இரண்டாவது அலை. சில வாரங்கள் டீச்சர் வரவில்லை, நானும் கடையைத் திறக்கவில்லை.

2021 நவம்பர் 1ஆம் தேதி சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தபோது இனி இவருக்கு வேலை குறையும் என்று நினைத்தேன். உண்மையில் அதற்குப் பிறகுதான் அவர் மிகவும் தளர்ந்து போனார். அந்த வருடம் மூன்றாம் வகுப்பும் அவர் பொறுப்புக்கு வந்திருந்தது. அந்தப் பிள்ளைகள் கடைசியாக வகுப்பில் உட்கார்ந்தது ஒன்றாம் வகுப்பில். சிலருக்கு 'அ'னாவிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. நடுவில் மழை லீவு, ஜனவரியில் மறுபடி மூடல், பிப்ரவரி 1ஆம் தேதி மறுபடி திறப்பு. ஒரே வகுப்புக்கு மூன்று விதமான தாள் எடுக்க ஆரம்பித்தார். எழுத்து தெரியாதவர்களுக்கு ஒன்று, கூட்டிப் படிப்பவர்களுக்கு ஒன்று, தடையில்லாமல் படிப்பவர்களுக்கு ஒன்று.

மார்ச்சில் ஒரு நாள் வந்தார், பேச்சு வரவில்லை. மாஸ்க் போட்டுக்கொண்டு நாளெல்லாம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போயிருந்தது. பழைய பில்லின் பின்பக்கத்தில் "19 செட், முன்னும் பின்னும், எழுத்து பெரிசா" என்று எழுதிக் கொடுத்தார். பனங்கற்கண்டு வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். பையைத் திறந்து காட்டினார். ஏற்கெனவே ஒரு பொட்டலம் இருந்தது.

மே மாதம் வருடக் கடைசியில் பிள்ளைகள் எழுதிய தாள்களையெல்லாம் மூட்டையாகக் கொண்டு வந்தார். பிள்ளைக்கு ஒன்றாக ஸ்பைரல் பைண்டிங் போட்டு, அட்டையில் அவரவர் பெயர் வர வேண்டும் என்றார். காசு வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பாதிக்குச் சம்மதிக்க வைத்தேன். அன்றைக்குத்தான் அந்த டீக்கடைப் பேச்சைச் சொன்னேன். பதில் சொல்லாமல் இருந்துவிட்டதையும் சொன்னேன். உங்களுக்கு ஒரு நன்றி கூட இதுவரை சொன்னதில்லை டீச்சர் என்றேன். குரல் கம்மிவிட்டது.

"அதெல்லாம் விடுங்கண்ணே" என்றவர் ஒரு பைண்டிங்கைக் கையில் எடுத்துப் புரட்டினார். "இந்தப் பாப்பா பேருல துணைக்கால் விட்டுப்போச்சு பாருங்க. அட்டையை மட்டும் மாத்திக் கொடுங்க, நாளைக்குக் கொடுக்கணும்."

மாற்றிக் கொடுத்தேன். வண்டியின் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு போனார்.