மறு: ஸ்பின்னிங் ரீலுக்குச் ‘சுழல்’ என்று வைக்க வேண்டாம்

> கையேட்டுக்கு நான் எடுத்து வைத்திருக்கும் சொற்கள்:
> ஸ்பின்னிங் ரீல் – சுழல் சுருளி
> இன்லைன் ரீல் – நேர்வரிசைச் சுருளி
> ஃபாஸ்ட் ஆக்‌ஷன் – விரைவுச் செயல்
> அல்ட்ராலைட் பவர் – மீஇலகு ஆற்றல்
> ஐஸ் ஃபிஷிங் – பனி மீன்பிடி
> பேன்ஃபிஷ் – வாணலி மீன்
> மறுப்பு இல்லையென்றால் இப்படியே போட்டுவிடுகிறேன்.

தம்பி, உறைந்த ஏரியின் பனிப்பாளத்தில் துளை போட்டுச் சின்ன மீன் பிடிப்பது பற்றிய உங்கள் கையேட்டுக்கான சொற்பட்டியலைப் பார்த்தேன். ஆற அமர உட்கார்ந்து செய்திருக்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் முதல் இரண்டு வரிக்கும் நான் கை தூக்க மாட்டேன். காதுக்கு நன்றாக இல்லை என்பதல்ல சிக்கல். கோபியிலிருந்து புதிதாக வந்த பையன் ஒருவன் உங்கள் கையேட்டைப் படித்துவிட்டு மினசோட்டாவில் ஒரு கடைக்குள் நுழைந்தால், இந்த இரண்டு சொல்லும் அவனுக்கு விஷயத்தைத் தலைகீழாகத்தான் சொல்லும்.

தூண்டில் கோலில் மாட்டும் ஸ்பின்னிங் ரீலில் நரம்பு, அதாவது தூண்டில் இழை, சுற்றியிருக்கும் கண்டு சுழல்வதில்லை. அது பாட்டுக்கு நிற்கிறது. கைப்பிடியைத் திருகினால் ஒரு கம்பி அந்தக் கண்டைச் சுற்றிச் சுற்றி ஓடி நரம்பை அதன்மேல் போடுகிறது. கம்பியை மடக்கிவிட்டு நரம்பை விட்டால் கண்டின் விளிம்புக்கு மேலாக வளையம் வளையமாக உருவிக்கொண்டு போகும். மீன் பலமாக இழுத்து, கண்டை இறுக்கி வைத்திருக்கும் பிடி வழுக்கும்போது மட்டும் கண்டு கொஞ்சம் திரும்பும், அவ்வளவுதான். இன்லைன் ரீலிலோ கண்டேதான் உருள்கிறது. நரம்பு நேராக இறங்கும், நேராக ஏறும். எது நிற்கிறதோ அதற்குச் ‘சுழல்’ என்று வைத்துவிட்டு, எது சுழல்கிறதோ அதை ‘நேர்வரிசை’ என்றால் படிக்கிறவன் என்ன செய்வான்? ஆங்கிலத்தில் ‘ஸ்பின்னிங்’ என்ற பெயர், தண்ணீருக்குள் சுழன்றுகொண்டே வரும் பொய்இரையை வீசிப் பிடிக்கிற முறையிலிருந்து ஒட்டிக்கொண்டது. அவர்களுக்கே பொருத்தமில்லாமல் நிற்கும் பெயரை நாம் எதற்குச் சுமக்க வேண்டும்.

திருப்பூர், கோவைப் பக்கம் மில்லிலோ தறியிலோ வேலை பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கவே வேண்டியதில்லை. நிற்கிற கோனின் தலைப்பு வழியாக நூலை உருவினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு நூலில் ஏறும். பாவு நூல் சுற்றிய உருளை, அதாவது பீம், உருண்டு நூல் விட்டால் முறுக்கு ஏறாது. இதேதான் அதுவும். சொல்லப்போனால் இந்த ரீல் மில்லிலிருந்தே போனது: நிற்கிற கண்டு வைத்த ரீலுக்கு 1905இல் காப்புரிமை வாங்கிய ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த், இங்கிலாந்தில் பிராட்ஃபோர்ட் ஊரின் நெசவாலைக்காரர், ஆலையில் நூல் உருவி வருவதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்பார்கள். அப்படியிருக்க, பருத்தி நூலிலேயே பிறந்து வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம் ‘சுருளி’ என்று ஒரு அருவியின் பெயரை எடுத்து ஒட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் முன்மொழிவு இது. ரீல் என்பதற்கு ராட்டை. ஸ்பூல் என்பதற்குக் கண்டு. ஸ்பின்னிங் ரீல் நிலைக்கண்டு ராட்டை, இன்லைன் ரீல் உருள்கண்டு ராட்டை. லைன் ட்விஸ்ட் என்பதற்கு வேறெதுவும் தேட வேண்டாம், முறுக்குதான்.

இதில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்றால், உங்கள் கையேடு சொல்ல வருவதே இந்த மீன்களுக்கு எந்த ராட்டை என்பதுதான். அந்த முடிவு முழுக்க கண்டு நிற்கிறதா உருள்கிறதா என்பதில்தான் தொங்குகிறது. நிலைக்கண்டின் பெரிய பலம் தூரமாக வீசலாம் என்பது. பனிப்பாளத்தில் துளை போட்டு நேர்க்கீழே விடும்போது வீச்சுக்கு அங்கே வேலையே இல்லை. பலம் பயன்படாமல் போக, பலவீனம் மட்டும் மிஞ்சுகிறது. ஏறுகிற முறுக்கும் இறங்குகிற முறுக்கும் கணக்குப்படி ஒன்றுக்கொன்று சரியாகிவிட வேண்டும், ஆனால் மீன் இழுத்துப் பிடி வழுக்கிக்கொண்டிருக்கும்போது நாம் பாட்டுக்குக் கைப்பிடியைச் சுற்றினால் ஏறுகிற முறுக்கு அப்படியே தங்கிவிடும். அடியில் தொங்குவதோ அரிசி அளவுக்குச் சின்ன முள். முறுக்கு அவிழ அவிழ அது தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், சுற்றும் இரையைப் பார்த்து மீன் ஒதுங்கிப் போகும். ஏரிக்கு அடியில் தண்ணீர் 4 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், தண்ணீரின் அடர்த்தி அங்கேதான் அதிகம் என்பதால். அந்தக் குளிரில் புளூகில் மாதிரி மீன் துரத்தி வந்தெல்லாம் கவ்வாது. பக்கத்தில் வந்து நின்று பார்த்து, உறிஞ்சி, பிடிக்கவில்லை என்றால் துப்பிவிடும். ஆகவே நேராக, ஆடாமல் நிற்கும் இரை வேண்டும், உருள்கண்டு அதற்குத் தோது.

கோல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘விரைவுச் செயல்’, ‘மீஇலகு ஆற்றல்’ இரண்டையும் படித்தபோது பம்புசெட்டு விளம்பரம்தான் நினைவுக்கு வந்தது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆக்‌ஷன் என்பது கோல் எந்த இடத்தில் வளைகிறது என்பது. பவர் என்பது வளைக்க எவ்வளவு வலு வேண்டும் என்பது. எனவே நுனிவளைவு, நடுவளைவு, அடிவளைவு என்று ஒரு வரிசை. மென்வலு, நடுவலு, வன்வலு என்று ஒரு வரிசை. அல்ட்ராலைட் என்றால் மீமென்வலு என்று வைக்கலாம், அதற்கு மேல் கொம்பு சீவ வேண்டாம். இப்போது கையேட்டில் ‘நுனிவளைவு, மீமென்வலு, 24 முதல் 32 அங்குலம்’ என்று எழுதினால் கோலைக் கையில் தொடாதவனுக்கும் அது எப்படி இருக்கும் என்று புரியும்: நுனி தொட்டால் தலையாட்ட வேண்டும், அடிப்பாகம் மீன் வாயில் முள் ஏற்றும்போது விறைப்பாக நிற்க வேண்டும். முழுக்கத் துவளும் கோலும் விற்கிறார்கள், அதற்கு நூடுல்ஸ் பெயரையே வைத்திருக்கிறார்கள். மெல்லிய நரம்பு அறுந்துபோகாமல் காப்பதில் அது கெட்டி, ஆனால் ஆழத்தில் முள் ஏற்ற இழுத்தால் பாதி இழுப்பைக் கோலே விழுங்கிவிடும். எனக்கு அதில் நம்பிக்கை கம்மி.

கோல் நுனியில் மாட்டும் அந்த மெல்லிய கம்பிக்கு, ஸ்பிரிங் பாபருக்குச் சிலர் ‘வில்தக்கை’ என்று எழுதியிருந்தார்கள். தக்கை தண்ணீரில் மிதப்பது, மீன் கொத்தினால் முங்குவது. இது மிதப்பதுமில்லை, முங்குவதுமில்லை. மீன் இரையை வாயில் வைத்து மேலே தூக்கினால் பாரம் குறைந்து இந்தக் கம்பி நிமிரும், அந்த நிமிர்வைக் காட்டத்தான் இதை மாட்டுவதே. நுனிவில் என்று வைக்கலாம்.

ஜிக் என்பது தலையில் உலோகக் குண்டு வைத்த முள், அதற்கு ‘ஈயமுள்’ வேண்டாம். இந்தச் சின்ன மீன்களுக்கு இப்போது பலரும் தேடுவது டங்ஸ்டன். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், டங்ஸ்டன் 19.3. அதே எடைக்கு உருவம் சிறுத்துவிடும், சரசரவென்று அடிக்குப் போகும், நரம்பையும் நேராக இழுத்து வைக்கும். அதுவும் போக, நியூ ஹாம்ப்ஷயர் மாதிரி மாநிலங்களில் சின்ன ஈய எடைகளுக்கும் ஈய ஜிக்குகளுக்கும் தடை இருக்கிறது, லூன் என்ற நீர்ப்பறவை விழுங்கிச் செத்துப்போகிறது என்று. ‘டங்ஸ்டன் ஈயமுள்’ என்று எழுதினால் சிரிப்பார்கள். குண்டுமுள் போதும்.

அடுத்து ‘பனி மீன்பிடி’. நம் ஊரில் பனி என்றால் மார்கழி விடிகாலை. உறைபனி என்றால் ஊட்டியில் புல்மேல் வெள்ளையாகப் படிவது, பேப்பர்காரர்கள் வருஷம் தவறாமல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஐஸ் என்று போட்டாலும் வம்பு, ‘ஐஸ் மீன்’ என்றால் பெட்டியில் வந்து இறங்கிய மீன், அணை மீன் வாங்குகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். காலடியில் இருப்பது பாளம், ஆகவே பனிப்பாளத் தூண்டில். பேச்சில் பாளத்தூண்டில் என்று தானாகச் சுருங்கிவிடும்.

பேன்ஃபிஷ் என்பதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. வாணலி என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை, வடைச்சட்டிதான், ஆகவே சட்டிமீன். புளூகில், கிராப்பி, பெர்ச் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் தொகைப்பெயராக மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு மீனுக்கும் தனித்தனியாகத் தமிழ்ப்பெயர் இப்போதே வேண்டுமா? 1952இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்கத் திலேப்பியாவுக்கு ஜிலேபி என்று பெயர் வைத்தவர்கள் எந்தக் குழுமத்திலும் ஓட்டெடுப்பு நடத்தவில்லை. அங்கே பிடிக்கிறவர்கள் வாயில் எது வருகிறதோ வரட்டும்.

– திருப்பூர்

---

மறு: மறு: ஸ்பின்னிங் ரீலுக்குச் ‘சுழல்’ என்று வைக்க வேண்டாம்

அண்ணா, நிலைக்கண்டு, உருள்கண்டு இரண்டும் எனக்குச் சம்மதமுங்க. இங்கே ரீலைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிற எனக்கே அந்தக் கோன் கணக்கு தோன்றவில்லை. ஆனால் மூன்று இடத்தில் இடிக்கிறது.

‘ராட்டை’ என்றால் கதர் நூற்கிற ராட்டைதான் கண்முன்னே வருகிறது. தனியாக எழுதினால் குழப்பம், அதனால் தலைப்பில் மட்டும் ‘தூண்டில் ராட்டை’ என்று முழுசாகப் போடட்டுமா? அப்புறம், கடைக்காரனிடம் உருள்கண்டு என்று கேட்க முடியாது. சொல்லுக்குப் பக்கத்திலேயே ‘இன்லைன்’ என்பதையும் தமிழெழுத்தில் எழுதியே ஆக வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். நீங்கள் உருள்கண்டுக்குக் கொஞ்சம் அதிகமாகவே சாய்கிறீர்கள். 3 மீட்டர், 4 மீட்டர் தண்ணீரில் நிற்கிற புளூகில்லுக்கு நீங்கள் சொல்வது அப்படியே சரி. ஆனால் ஆழமான இடத்தில் பெர்ச் பிடிக்கும்போது, கண்டின் விட்டம் 5 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 16 செ.மீ.கூட ஏறாது, 10 மீட்டருக்கு அறுபதுக்கு மேல் சுற்ற வேண்டும். பல்சக்கரம் வைத்து இரண்டு மூன்று மடங்கு வேகமாக ஏற்றுகிறவையும் உண்டு, விலையும் கூடவே ஏறும். பெர்ச் கூட்டமாக வந்து உடனே போய்விடும், அந்த நேரத்தில் நிலைக்கண்டு இருந்தால் விறுவிறுவென்று ஏற்றிவிட்டு மறுபடி இறக்கலாம். அதனால் கையேட்டில் இரண்டுமே இருக்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்கிறவர்களுக்கு நான் நிலைக்கண்டையே சொல்லப்போகிறேன், கோடையில் கரையிலிருந்து வீசவும் ஆகுமே. சின்ன அளவாக, 500 அல்லது 1000 என்று எண் போட்டது போதும். குளிரில் உள்ளே கிரீஸ் இறுகிக் கைப்பிடி கனத்துவிடும், அதையும் ஒரு வரி சேர்க்கிறேன்.

நரம்பு விஷயத்தில் டொராண்டோ நண்பர் ‘தங்கூசி’ என்கிறார். அவர் சிம்கோ ஏரியில் பெர்ச் பிடிக்கிறவர், அவர் சொல்லைத் தள்ள எனக்கு மனசில்லை.

– மினசோட்டா

---

மறு: மறு: மறு: ஸ்பின்னிங் ரீலுக்குச் ‘சுழல்’ என்று வைக்க வேண்டாம்

தம்பி, சுற்றுக் கணக்கு சரிதான். அப்படியானால் ஆழத்தை வைத்தே பிரித்து எழுதிவிடுங்கள்: ஆழம் குறைந்த இடத்துக்கு உருள்கண்டு, ஆழத்துக்கும் ஒரே ராட்டை வாங்குகிறவருக்கும் நிலைக்கண்டு. ஆனால் நிலைக்கண்டு என்று எழுதுகிற இடத்தில் கண்டின் விட்டம் பெரிதாக இருப்பதாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள், சின்னக் கண்டில் கிடந்த நரம்பு குளிரில் சுருள் சுருளாகவே நிற்கும், அப்புறம் நுனிவில் என்ன காட்டினாலும் கைக்கு வந்து சேராது. பிடி வழுக்கும்போது கைப்பிடியைச் சுற்றக் கூடாது என்பதையும் கொட்டை எழுத்தில் போடுங்கள். அந்த டிராக் என்பதற்கு வழுக்குப்பிடி என்று வைத்திருக்கிறேன், 2 பவுண்டு பாரம் மட்டுமே தாங்கும் நரம்புக்கு அது திக்கித் திக்கி விடாமல் ஆரம்பத்திலிருந்தே வழுவழுவென்று விட வேண்டும்.

தூண்டில் ராட்டை சரி. இன்லைன் பக்கத்திலேயே இருப்பதும் சரி.

தங்கூசியும் இருக்கட்டும், நரம்பும் இருக்கட்டும், இரண்டு கரையிலும் ஆள் இருக்கிறார்கள். 2 பவுண்டு மோனோ, அதாவது ஒற்றை இழை நரம்பு, என்றால் 0.13 மி.மீ. தடிமன் சுமார், 4 பவுண்டு 0.2 மி.மீ.; அதற்கு மேல் சட்டிமீனுக்கு வேண்டியதில்லை. பின்னிய நரம்புக்கு ‘சடைநரம்பு’ என்று ஒருவர் அனுப்பியிருந்தார், எனக்குப் பிடித்தது. அது தண்ணீரைக் குடித்துக்கொண்டு வெளியே வந்ததும் உறைந்து, கோலின் வளையங்களை அடைத்துவிடும் என்பதைச் சொல்லிவிட்டு, கூடாரத்துக்குள் இருந்தால் மட்டும் என்று குறிப்புப் போடுங்கள்.

துளைமேல் வைத்துவிட்டுப் போகும் டிப்-அப் இன்னும் பாக்கி. மீன் இழுத்தால் கொடி நிமிர்கிறது, கொடித்தூண்டில் என்கிறேன். ‘காவல் தூண்டில்’ என்று ஈரோட்டு அக்கா சொன்னதும் மோசமில்லை, ஆள் இல்லாமலே அது நின்று பார்த்துக்கொள்கிறது அல்லவா. இரண்டில் எது என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், மற்றதையெல்லாம் சனிக்கிழமை கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.

– திருப்பூர்