தெப்பக்குளப் படத்தில் வானம் பட்டை பட்டையாகத் தெரிவது ஏன்?

கேள்வி: தெப்பக்குளத்தான்

அனைவருக்கும் வணக்கம். வண்டியூர் தெப்பக்குளத்தின் கீழ்க்கரையில் நின்று, சூரியன் மறைந்த சற்று நேரத்தில் மைய மண்டபத்தை எடுத்தேன். வானம் வெளுத்திருந்ததால், படத் திருத்த மென்பொருளான லைட்ரூமில், திருத்தம் படிப்படியாகக் குறைந்து மறையும் கிராஜுவேட்டட் ஃபில்டரை மேலிருந்து இழுத்து, எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) 2 ஸ்டாப், அதாவது நான்கில் ஒரு பங்காகக் குறைத்து, மூட்டத்தை நீக்கும் டீஹேஸையும் 40 வரை ஏற்றினேன். வானத்தில் பட்டைகள் விழுந்ததோடு, மண்டபத்தின் மேல்பகுதியும் கரி பூசியதைப் போல் இருண்டுவிட்டது. வெளிச்ச அளவை வைத்துப் பகுதியைப் பிரிக்கும் லூமினன்ஸ் ரேஞ்ச் கொண்டு மண்டபத்தை விலக்கினால் அதன் விளிம்பில் வெள்ளைக் கோடு முளைக்கிறது. திருத்திய கோப்பு ஜேபெக். கேமரா பதிவுசெய்த மூலத் தரவான ரா கோப்பும் கைவசம் இருக்கிறது. எங்கே கை வைக்க வேண்டும்?

மறுமொழி: மாசி வீதி

முதலில் ரா கோப்பைத் திறங்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 8 பிட், அதாவது 256 படிகள்தாம் உண்டு. வெளுத்த வானம் அவற்றின் உச்சியிலுள்ள சில படிகளுக்குள்ளேயே அடங்கிவிடுவதால், டீஹேஸ் அவற்றை இழுத்து அகலப்படுத்தும்போது இடைவெளிகளை நிரப்ப மதிப்புகள் இல்லாமல் பட்டைகள் தோன்றுகின்றன. 14 பிட் ரா என்றால் 16,384 படிகள் இருப்பதால் அதே திருத்தத்தைத் தாங்கும். ஆனால் சூரியன் மறைந்த இடத்தைச் சுற்றி மட்டும் மஞ்சள் வளையம் தெரிந்தால் அது வேறு கதை: அங்கே சிவப்புச் சானல் மட்டும் முன்னதாக நிரம்பியிருக்கும், அதை எந்த ஃபில்டராலும் மீட்க இயலாது. வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தில் சிவப்பு முட்டி நிற்கிறதா என்று பாருங்கள்.

மறுமொழி: ஒத்தக்கடை

பட்டைக்கு மேலே சொன்னது சரி. மண்டபம் இருள்வதற்குக் காரணம், இந்த ஃபில்டருக்கு வானம் எது, கல் எது என்று தெரியாது என்பதுதான். நீங்கள் இழுத்த எல்லைக்கு மேலே இருப்பதையெல்லாம் அது ஒன்றாகவே நடத்தும். மேலூர்ப் பக்கத்து வயல்வெளி போல அடிவானம் நேராக இருந்தால் தொந்தரவில்லை. கோபுரமோ யானைமலையோ அதைத் தாண்டித் துருத்திக்கொண்டு நின்றால் மாட்டிக்கொள்வோம்.

வெள்ளைக் கோட்டுக்கு லூமினன்ஸ் ரேஞ்சின் கூர்மையே காரணம். விளிம்பிலுள்ள பிக்சல்களில் வானமும் கல்லும் கலந்திருப்பதால் அவை பாதி விலக்கப்பட்டு, வெளுப்பு மாறாமலே நின்றுவிடுகின்றன. ரேஞ்சின் இருள்பக்க முனையை மெதுவாக இடப்புறம் நகர்த்தி, மாற்றத்தை நீளமாக வையுங்கள். ஓ விசையை அழுத்தினால் மாஸ்க், அதாவது ஃபில்டர் படும் பகுதி, சிவப்பாகத் தெரியும். 100 சதவீதப் பெரிதாக்கத்தில் மண்டபத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டே இதைச் செய்யுங்கள். அதே ஃபில்டரில் டீஹேஸையும் 15க்குக் கீழே இறக்குங்கள். விளிம்பு ஒளிவட்டத்தில் அதற்கும் பங்குண்டு. (2021 அக்டோபர் பதிப்பு முதல் கிராஜுவேட்டட் ஃபில்டரின் பெயர் லீனியர் கிரேடியன்ட், பழைய பாடங்களைப் பார்ப்பவர்கள் குழம்ப வேண்டாம்.)

மறுமொழி: தெப்பக்குளத்தான்

மிக்க நன்றி. ரா கோப்பில் பட்டைகள் போய்விட்டன, கோடும் மறைந்தது. ஆனால் ஏற்றுமதி செய்த படத்தைக் கைப்பேசிச் செயலி வழியாக நண்பருக்கு அனுப்பியபோது, அவர் திரையில் லேசான பட்டைகள் மீண்டும் தெரிகின்றன.

மறுமொழி: மாசி வீதி

செயலி படத்தை மறுபடியும் சுருக்கியிருக்கும். படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்பிப் பாருங்கள். அப்போதும் தெரிந்தால், ஏற்றுமதிக்கு முன் எஃபெக்ட்ஸ் பகுதியில் கிரெயினை (படத்தில் தூவும் நுண்துகளை) சிறிதளவு கூட்டுங்கள். அந்தத் துகள் படிகளின் எல்லையைக் கலைத்துவிடும். அச்சுக்குக் கொடுப்பதானால், கடைக்காரர் ஏற்றுக்கொள்கிறாரா என்று கேட்டுக்கொண்டு 16 பிட் டிஃப் (TIFF) கோப்பாக எடுத்துவிடுங்கள்.