அண்ணன் மகனின் பார் மிட்ஸ்வாவுக்கு அம்மாவை மும்பைக்கு அழைத்துச் செல்கிறேன்: எவற்றைக் கவனிக்க வேண்டும்?

அல்சூர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பெங்களூரு அல்சூரில் மூன்று தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பம். என் அண்ணன் மும்பையில் பெனே இஸ்ரேல் யூதக் குடும்பத்துப் பெண்ணை மணந்து 16 ஆண்டுகள் ஆகின்றன. அவர்களுடைய மகனுக்கு வரும் டிசம்பரில் 13 வயது நிறைவதால், ஒரு சனிக்கிழமை காலையில் காலா கோடாவில் உள்ள கெனெசெத் எலியாஹூ தொழுகைக்கூடத்தில் பார் மிட்ஸ்வா என்னும் யூதப் பருவச் சடங்கு நடக்கவிருக்கிறது. அண்ணியின் உறவினர்கள் இஸ்ரேலிலிருந்து வருகிறார்கள். எங்கள் பக்கத்தில் தில்லிப் பெரியப்பா குடும்பம், கோலார் அத்தை, அம்மா, நான் என்று 11 பேர் போகிறோம். திருமணத்தின்போது இருந்த மனக்கசப்பால் அன்று வராதவர்கள்கூட இப்போது வருகிறார்கள் என்பதால், எங்களால் எந்தத் தவறும் நேர்ந்துவிடக் கூடாது என்று கவலையாக இருக்கிறது.

அம்மாவுக்கு 71 வயது, சைவ உணவு, முழங்கால் வலி உண்டு. வியாழன் இரவு உத்யான் எக்ஸ்பிரஸில் ஏறி, வெள்ளியன்று மும்பை சேரலாம் என்பது எங்கள் திட்டம். மொய் எப்படிக் கொடுப்பது, உடை எப்படி இருக்க வேண்டும் என்பவற்றோடு இன்னொன்றும் கேட்க வேண்டும். தன் கையால் மைசூர்பாகு செய்து எடுத்துவர வேண்டும் என்று அம்மா ஆசைப்படுகிறார். பேரனுக்குப் பாட்டி செய்ய வேண்டிய முறை ஏதாவது இருக்குமே என்று தினமும் கேட்கிறார். அண்ணியோ, நீங்கள் வந்தாலே போதும் என்கிறார். அந்தப் பதிலால் அம்மாவின் மனம் நிறையவில்லை.

மாட்டுங்காவாசி:

சகோதரி, முதலில் பயணச்சீட்டை மாற்றுங்கள். உத்யான் எக்ஸ்பிரஸ் இரவில் புறப்பட்டு ஏறத்தாழ 24 மணி நேரம் ஓடி மறுநாள் இரவில்தான் சத்ரபதி சிவாஜி முனையத்தை அடையும். யூதர்களின் ஓய்வுநாளான சப்பாத், வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கி, சனிக்கிழமை இரவில் விண்மீன்கள் தெரியும்போது முடிகிறது. டிசம்பரில் மும்பையில் மாலை 6 மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். அதற்குச் சற்று முன்பே வீட்டுப் பெண்கள் விளக்கேற்றிவிடுவார்கள். நீங்கள் வந்து இறங்கும் நேரத்தில் உங்கள் அண்ணி விளக்கேற்றி, விருந்து தொடங்கி, வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். புதன் இரவே கிளம்பினால் வியாழன் இரவு வந்து, வெள்ளி முழுவதும் அம்மா ஓய்வெடுத்து, மாலையில் அந்த விளக்கேற்றலையும் பார்க்கலாம். கோட்டைப் பகுதியிலேயே, நடந்துபோகும் தொலைவில் அறை எடுப்பது நல்லது. ஓய்வுநாளில் வண்டி ஏறாத குடும்பங்களும் உண்டு, ஏறுகிறவர்களும் உண்டு.

மொய் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். அலுவலகத்தில் எனக்கு 20 ஆண்டுகள் மேலாளராக இருந்தவர் பெனே இஸ்ரேல் சமூகத்தவர். அவருடைய மகனின் பார் மிட்ஸ்வாவுக்குப் போன நான், தொழுகை முடிந்ததும் பணஉறையைப் பெரியவர் ஒருவரிடம் நீட்டினேன். அவர் கைகூப்பியபடி ஓரடி பின்வாங்கினார். சப்பாத்தில் பணத்தைத் தொடக் கூடாது என்பதை அதன் பிறகே தெரிந்துகொண்டேன். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உறையை வெள்ளிக்கிழமை பகலிலோ ஞாயிற்றுக்கிழமையோ கொடுத்துவிடுங்கள். எழுதுவது, விளக்கைப் போடுவது, படம் எடுப்பது எல்லாமே அன்று விலக்கப்பட்டவை என்பதால் கைப்பேசியை அறையிலேயே வைத்துவிட்டு வருவது மரியாதை. தொகையை 18-இன் மடங்குகளில், 1800 என்பதுபோல் வையுங்கள். எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. உயிர் என்னும் பொருள்தரும் சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் 18 வரும்.

ஆண்கள் தலையை மூட வேண்டும். விருந்தினருக்கான சிறு தொப்பி பொதுவாக அங்கேயே இருக்கும். தோளில் போர்த்தும் தொழுகைத் துண்டு யூத ஆண்களுக்கு உரியது. யாராவது அன்பாக நீட்டினாலும் நாம் போர்த்திக்கொள்ள வேண்டியதில்லை. பெண்களுக்குப் புடவை மிகப் பொருத்தம். 2008 நவம்பரில் நரிமன் இல்லம் என்னும் யூத மையத்தில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு இங்குள்ள யூதத் தலங்களில் காவல் கடுமையாகிவிட்டது. 11 பேரின் பெயர்களையும் முன்கூட்டியே அண்ணனிடம் கொடுத்துவிட்டு, ஆதார் அட்டையைக் கையோடு வைத்திருங்கள்.

தாணே_அக்கா:

தாணேயில் 1879-இல் கட்டப்பட்ட தொழுகைக்கூடம் ஒன்று உண்டு. அதன் அருகில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். எங்கள் எதிர்வீட்டுக்காரர்கள் பெனே இஸ்ரேல் மக்கள். மேலே சொன்ன 18 கணக்கு பெரிதும் ஐரோப்பிய யூதர்களிடம் வழங்குவது. கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டி, சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் ‘சனிவார் தேலி’ என்று பெயர் பெற்ற இந்த மக்கள் வீட்டில் மராத்தி பேசுகிறவர்கள். நீங்கள் 1001 வைத்தாலும் மகிழ்ச்சியாகவே வாங்கிக்கொள்வார்கள்.

மைசூர்பாகை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள் தங்கச்சி. அவர்கள் பாலையும் இறைச்சியையும் ஒரே வேளையில் உண்ண மாட்டார்கள். விருந்தில் கோழியோ ஆடோ இருந்தால் நெய்ப்பண்டத்தை அதன்பின் தொட முடியாது. பெனே இஸ்ரேல் சமையலில் தேங்காய்ப்பால் அவ்வளவு ஆள்வதற்கு அதுவும் ஒரு காரணம். அதோடு, வெளிச்சமையல் அவர்களுடைய உணவு விதிக்குள் வருமா என்ற சங்கடமும் சேரும். முழுப் பழங்கள் கொண்டுபோனால் ஒரு கேள்வியும் எழாது. அம்மாவின் சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். இந்த ஊரில் சைவம் கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

மரபான தொழுகைக்கூடங்களில் பெண்களுக்குத் தனி இடம். கெனெசெத் எலியாஹூவில் அது மேல்மாடம். 1884-இல் ஜேக்கப் சசூன் கட்டிய அந்தக் கட்டடத்தின் படிகள் முழங்கால் வலிக்காரருக்கு எளிதல்ல. கீழே ஓரமாக நாற்காலி போட முடியுமா என்று அண்ணியை இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள்.

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். தாய்வழியே யூத அடையாளம் வருவதால் உங்கள் அண்ணன் மகன் பிறப்பாலேயே அவர்களில் ஒருவன். 13 வயது நிறைந்ததும், விழா எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், அவன் யூதச் சமயக் கட்டளைகளுக்குத் தானே பொறுப்பாகிறான். தொழுகைக்குத் தேவையான 10 ஆண்களில் அவனையும் எண்ணுவார்கள். அந்த மேடையில் தந்தையின் வீட்டாருக்குச் சடங்குக் கடமை எதுவும் இல்லை. அண்ணி உங்களை விலக்குவதற்காக அப்படிச் சொல்லவில்லை, மரபு அப்படி. அம்மாவுக்கு இதை முன்னரே சொல்லிவிட்டால், அங்கு போய் மனம் நோகாது.

ஆனால் அவர் கேட்டு ரசிக்க நிறைய இருக்கிறது. தோரா என்னும் அவர்களுடைய வேதம் தோலில் கையால் எழுதிய சுருள். அதில் உயிர்க்குறி கிடையாது, இசைக்குறி கிடையாது. ஆண்டு முழுவதற்கும் 54 பகுதிகளாகப் பிரித்து ஓதுகிறார்கள். அன்றைய பகுதியை ஒரு பையன் ஓத வேண்டுமென்றால், ஒவ்வொரு சொல்லின் ராகத்தையும் ஆசிரியரிடம் காதால் கேட்டு மாதக்கணக்கில் மனத்தில் ஏற்றியிருக்க வேண்டும். ஓதுவார் வாயிலிருந்து தேவாரப் பண்ணைக் கற்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பவருக்கு அந்த உழைப்பு உடனே விளங்கும். எருசலேம் நோக்கி, அதாவது இங்கே மேற்கு நோக்கி, சுருள் இருக்கும் பேழை அமைந்திருக்கும். அதைத் திறக்கும்போது எல்லாரும் எழுவார்கள். உங்கள் அம்மாவால் முடியாவிட்டால் உட்கார்ந்தே இருக்கலாம்.

பாட்டியின் கைக்கு வேலை வேண்டுமென்றால் ‘மலிதா’ நடத்துவார்களா என்று அண்ணியைக் கேளுங்கள். எலியா தீர்க்கதரிசியை நினைத்து, நன்றிக்காகவும் வேண்டுதல் நிறைவேறியதற்காகவும் பெனே இஸ்ரேல் வீடுகளில் செய்வது அது. நனைத்த அவலில் தேங்காய்த்துருவலும் சர்க்கரையும் ஏலக்காயும் கலந்து, மேலே பழங்களை அடுக்கித் தட்டை நடுவில் வைத்துப் பாடுவார்கள். வேறெந்த நாட்டு யூதரிடமும் இதை இந்த வடிவில் நான் கேள்விப்பட்டதில்லை. அதைச் சப்பாத் அல்லாத நாளில் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

தில்லி_பெரியவர்:

தாணே அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஓதி முடித்ததும் பையன் மீது மிட்டாய் எறியும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அம்மா திடுக்கிட வேண்டாம், அது வாழ்த்து. மற்றவர்கள் ‘மசல் தோவ்’ என்பார்கள். நம்மவர்கள் தமிழிலேயே வாழ்த்தினாலும் பேரனுக்குப் புரியும் அல்லவா?

அல்சூர்வாசி:

உங்கள் எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. பதில்களை அம்மாவுக்கு முழுவதுமாகப் படித்துக் காட்டினேன். சடங்கில் தனக்கு இடமில்லை என்பதைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, பிள்ளை எவ்வளவு நேரம் ஓதுவான் என்று மட்டும் கேட்டார். நேற்று அண்ணியிடம் மலிதா பற்றிக் கேட்டதும் அவர் தொலைபேசியிலேயே அழுதுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வைக்கலாமா என்று அவர்கள் வீட்டில் ஏற்கெனவே பேசியிருக்கிறார்களாம். எங்களுக்கு அது பிடிக்குமோ பிடிக்காதோ என்று தயங்கிச் சொல்லாமல் இருந்தாராம். தங்கள் அடுப்படியிலேயே, தன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தேங்காய் முழுவதையும் எங்கள் அம்மாதான் துருவ வேண்டும் என்று சொல்லிவிட்டார். தொழுகைக்கூடத்தில் கீழே நாற்காலி கிடைக்குமா என்று விசாரித்துச் சொல்வதாகவும் ஒப்புக்கொண்டார்.

புதன் இரவுக்குச் சீட்டு மாற்றிவிட்டேன். அம்மாவுக்கும் அத்தைக்கும் கீழ்ப்படுக்கை கிடைத்திருக்கிறது.