புத்தரின் வரலாறு நம் புனிதர் ஏட்டில்

யாங்கோனிலிருந்து:

எங்கள் தெருவில் ஒரு பர்மியச் சிறுவனுக்கு ஷின்பியூ நடந்தது. மடத்தில் சேர்க்கும் முன் பையனுக்கு இளவரசர் வேடமிட்டு ஊர்வலமாக அழைத்துப் போவார்கள். சித்தார்த்தர் அரண்மனையைத் துறந்ததை நினைவுகூரும் சடங்கு அது. அருகில் இருந்த பெரியவர், “உங்கள் வேதத்தில் இப்படியொரு இளவரசர் உண்டா?” என்று கேட்டார். புனிதர் யோசபாத்தின் கதையைச் சொன்னேன்.

இந்தியாவில் ஓர் அரசர். மகன் கிறிஸ்தவனாவான் என்று சோதிடர் கூற, துன்பமே தெரியாதபடி அவனை மாளிகைக்குள் வைத்து வளர்க்கிறார். ஒருநாள் வெளியே வந்த இளவரசர் நோயாளியையும் முதியவரையும் கண்டு கலங்குகிறார். ரத்தின வணிகர் வேடத்தில் பர்லாம் என்னும் துறவி வந்து கிறிஸ்துவை அறிவிக்கிறார். இளவரசர் பின்னர் முடியைத் துறந்து தவம் செய்யப் போகிறார்.

நான் முடிப்பதற்குள் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இது எங்கள் பகவானின் கதை அல்லவா!”

உண்மைதான். புத்தரின் வரலாறு அரபி, ஜார்ஜியம், கிரேக்கம் என்று மொழி மாறி மாறி 11ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் போய்ச் சேர்ந்தது. வழியில் கிறிஸ்தவக் கதையாகிவிட்டது. 16ஆம் நூற்றாண்டில் ரோமையின் புனிதர் ஏட்டில் நவம்பர் 27ஆம் நாளுக்கு பர்லாம், யோசபாத் பெயர்கள் ஏறின. 17ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர் தியோகோ தோ கூட்டோ இரண்டு கதைகளும் ஒத்திருப்பதைக் கண்டுகொண்டார். ஆனால் யோசபாத்திடமிருந்தே புத்தர் கதை பிறந்தது என்று தலைகீழாக எண்ணினார்.

இதைத் திருச்சபைக்கு இழுக்கு என்பவர்கள் உண்டு. எனக்கு இது பெருமை. யார் என்று தெரியாமலேயே ஒரு துறவின் உயர்வை நம் முன்னோர் வணங்கியிருக்கிறார்கள்.

மறுமொழி:

அண்ணா, மறைக்கல்வி வகுப்பில் இதைச் சொன்னபோது, “திருத்தந்தை விசாரிக்காமலா புனிதராக்கினார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. பழங்காலத்தில் மக்களின் வணக்கமே ஒருவரைப் புனிதராக்கியது. திருத்தந்தை முறைப்படி புனிதராக அறிவித்ததற்கு நமக்குக் கிடைக்கும் முதல் சான்று 993ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் ஆயர் உல்ரிக்குடையது. யோசபாத்துக்கு அப்படி விசாரணை ஏதும் நடக்கவில்லை.

இன்னொன்று. பர்மாவுக்கு வந்த முதல் திருத்தந்தை பிரான்சிஸ். அவர் யாங்கோனில் இறங்கியது 2017 நவம்பர் 27, அதே யோசபாத் நாள்! 29ஆம் தேதி காலை சைக்கசான் திடலில் திருப்பலி நிறைவேற்றினார். பிற்பகலில் மூத்த பிக்குகளைச் சந்தித்து, கோபத்தைக் கோபமின்மையால் வெல்லச் சொல்லும் தம்மபத வரியையும் அசிசி பிரான்சிசின் பெயரால் வழங்கும் மன்றாட்டையும் அடுத்தடுத்துச் சொன்னார்.