ஊர் ரேஷன் அட்டை தாராவிக் கடையில் ஏற்கப்படவில்லை: என்ன செய்வது?

தாராவி மருமகள்:
எங்கள் ஸ்மார்ட் அட்டை அம்பாசமுத்திரம் பக்கத்தது. நான், கணவர், மூன்று வயது மகள், ஊரில் இருக்கும் மாமியார் என நான்கு பேர். ஆதார் எல்லோருக்கும் இணைத்தாயிற்று. இங்கே ரேஷன் கடையில் எண்ணைத் தட்டியதுமே கருவி மறுத்துவிடுகிறது. "ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை" விளம்பரத்துக்கு அடியிலேயே நிற்க வைத்து, அரிசி கிடையாது என்கிறார்கள். மாமியார் இதே அட்டைக்கு ஊரில் மாதாமாதம் அரிசி வாங்குகிறாரே!

மாட்டுங்கா வாசி:
கைரேகை தேய்ந்திருக்கும். வீட்டு வேலை செய்பவர்களுக்கு இது சகஜம். கணவரை விரல் வைக்கச் சொல்லிப் பாருங்கள்.

கோலிவாடா அண்ணாச்சி:
விரல் வைக்கும் கட்டமே வரவில்லை என்கிறாரே! தங்கச்சி, அட்டையின் முன்பக்கத்தில் என்ன குறியீடு இருக்கிறது? பிஎச்எச் என்றால் முன்னுரிமைக் குடும்பம். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஆளுக்கு மாதம் 5 கிலோ, இலவசம், எந்த மாநிலத்திலும் வாங்கலாம். என்பிஎச்எச் என்றால் முன்னுரிமை இல்லாத குடும்பம்; அந்த அட்டை மாநில எல்லை தாண்டாது. தமிழ்நாடு அந்தக் குடும்பங்களுக்கும் அரிசி கொடுக்கிறது. அதனால்தான் ஊரில் எவருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

தாராவி மருமகள்:
என்பிஎச்எச் என்றுதான் இருக்கிறது, அண்ணாச்சி. வாடகை வீடு, தினக்கூலி. நாங்கள் எப்படி முன்னுரிமை இல்லாதவர்கள் ஆனோம்?

கோலிவாடா அண்ணாச்சி:
அதை ஊரில் வட்ட வழங்கல் அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். மாற்றித் தரச் சொல்லி மனுக் கொடுங்கள். இன்னொரு வழி, உங்கள் மூவர் பெயரையும் அங்கே நீக்கி, சான்று வாங்கி, இங்கே புது அட்டை கேட்பது. அவசரப்பட வேண்டாம். நகரத்தில் முன்னுரிமைக்கு மகாராஷ்டிரா வைத்த வருமான வரம்பு ஆண்டுக்கு 59,000 ரூபாய். நாளுக்கு இருநூறு ரூபாய் கூலி என்றாலே அதைத் தொட்டுவிடும். எந்தக் காலத்துக் கணக்கோ! இங்கே கிடைக்காமல் போனால் ஊரில் மாமியாருக்கு வரும் அரிசியும் குறைந்து நிற்கும்.

சயான் டீச்சர்:
குழந்தைக்கு மூன்று வயது என்றீர்களே, அங்கன்வாடியில் சேர்த்தீர்களா? ஆறு வயது வரைக்கும் அங்கே சத்துணவு உண்டு, அதுவும் அதே 2013 சட்டத்தில்தான் வருகிறது. ரேஷன் அட்டை எந்த ஊர், என்ன குறியீடு என்று பார்க்க மாட்டார்கள். ஆதாரை மட்டும் எடுத்துப் போங்கள்.

தாராவி மருமகள்:
எங்கள் சந்திலேயே ஒன்று இருக்கிறது, டீச்சர். மராத்திப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்திருந்தோம். நாளைக் காலையில் கூட்டிப் போகிறேன். அண்ணாச்சி, மனுவை மாமியார் கொடுத்தால் போதுமா, அட்டையில் தலைவராக இருப்பவர் அவர்தான்?

கோலிவாடா அண்ணாச்சி:
தலைவரே என்றால் இன்னும் நல்லது. கணவரின் கூலி விவரத்தையும் எழுதி அனுப்புங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் அவரைத் திரும்ப வேண்டாம் என்று சொல்லுங்கள்.